அத்தையின் சூட்டுக் கணக்கு

அத்தை சாப்பிடுவதை நிறுத்திய பத்தாம் நாள், எங்கள் வீட்டுக்குப் பெண்கள் தேங்காய் பழத் தட்டோடு வர ஆரம்பித்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்கள். போகும்போது ஒரு கைப்பிடி உப்போ ஒரு குடையோ இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆகவே தட்டுகளைப் பார்த்ததும் எங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாழைப்பழம் வீடு தேடி வந்தால் அது நல்ல காலம்தான்.

டத்தோ கிராமாட் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் எங்களுடையது நான்காவது. அப்பா துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. அவருடைய தம்பியான என் சித்தப்பா, ஓர் ஆங்கிலப் பள்ளியின் ரசாயன அறையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கும் உதவியாளர்; வாத்தியாராக வேண்டும் என்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள் அத்தை. அவள் கணவர் கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற தோட்டத்தில் வேலை பார்த்தார். ஒரு வருஷம் இருமிக்கொண்டே படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வருஷமும் அவர் தலைமாட்டை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டவள் அத்தைதான். எல்லாம் முடிந்த பிறகு ஒரு தகரப் பெட்டியோடு சம்பான் படகில் ஏறி எங்களிடம் வந்தாள்.

பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவளுக்கும் எனக்கும் ஒரே பாய். அம்மா பின்னிய சடை பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். அத்தை பின்னியது மூன்று நாள் கலையாது. ஒரு குழந்தைக்கு ஒருவர் மேல் பிரியம் வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவள் வந்து ஆறு மாதம் இருக்கும். தாய்நாட்டு ஊரிலிருந்து அவளுடைய மூத்த மச்சினர் கடிதம் எழுதினார். வாழ்க்கைப்பட்ட வீடு ஒன்று இருக்கும்போது பிறந்த வீட்டில் என்ன இருப்பு, கப்பலேற்றி அனுப்பி வையுங்கள் என்று. கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் அத்தை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் அவளுடைய இடது முழங்கைக்கு மேலே, கரண்டிக் காம்பின் அகலத்துக்கு ஒரு தீத்தழும்பு இருந்தது. நான் அதைத் தொட்டால் கையை இழுத்துக்கொள்வாள். அப்பா நல்லவர்தான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். அனுப்பிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது.

அன்று மத்தியானம் அத்தை மாரியம்மன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "எனக்குப் பசிக்கல அண்ணி" என்றாள். சாயங்காலமும் பசிக்கவில்லை. மறுநாளும் பசிக்கவில்லை. அம்மன் வந்திருக்கிறாள் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. இதை நான் எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் செய்து சொல்வேன். பசிக்கவில்லை என்பதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

முதலில் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டு அக்கா. சமாதானம் சொல்வதற்காக அத்தையின் கையைப் பிடித்தவள், பிடித்த வேகத்தில் விட்டுவிட்டாள். "என்னலா இது, கை அடுப்பாட்டம் காயுது" என்றாள். பிறகு குனிந்து, தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தண்ணீரையும் எலுமிச்சைச் சாற்றையும் தவிர எதுவும் உள்ளே போகாத உடம்பு இப்படிக் கொதித்தால் அதற்கு என்ன காரணம் என்று சந்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மறுநாள் வேப்பிலை வந்தது. அதற்கு மறுநாள் தட்டுகள் வந்தன. அம்மன் வந்து உட்கார்ந்த பெண்ணை எந்த அண்ணன் கப்பலில் ஏற்றுவான்? அப்பா கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அந்த நாட்களின் மத்தியானங்கள் இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன. உச்சி வேளையில் அம்மனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெண்கள் யாரும் வரமாட்டார்கள். தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று தெறிக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அத்தை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் தோளில் அம்மா போட்ட ஈரத் துண்டு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து வெளுத்துக் காய்ந்துகொண்டு வரும். அவள் எழுந்து போன பிறகும் பாய் சுடும். எங்கள் பூனை அவள் மடியை விட்டு இறங்க மறுத்தது. கன்னம் இரண்டும் குங்குமம் தேய்த்ததுபோல் சிவந்து, கண் மட்டும் பெரிதாகி, அவள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு போனாள். எனக்கு அவள் மேல் இருந்த பிரியத்தோடு முதல் முறையாகப் பயமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அம்மனுக்கு நான்தான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளே அது தொடங்கிவிட்டது. அம்மா அசந்து தூங்கும் நேரத்தில், வடித்த கஞ்சியில் இரண்டு பிடி சோற்றைப் பிசைந்து, தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் கலந்து, ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுபோய் நீட்டினேன். அவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாங்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் குடித்தாள். கொட்டாங்கச்சியைக் கொல்லைக் கால்வாயில் போட்டுவிடச் சொன்னாள். தடயத்தை அழிக்கிறாள் என்று நான் அவள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் ஒரு கொட்டாங்கச்சி கால்வாயில் மிதந்து போயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா மட்டும் அப்போது ரசாயனம் படிக்காமல் சரித்திரமோ பூகோளமோ படித்திருந்தால் இன்னும் நன்றாகப் போயிருக்கும்.

அவருக்கு அந்த மாதம் பரீட்சைக்கு வந்து வாய்த்த பாடம் சூட்டைப் பற்றியது. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும்போது வரும் சூடு, அது எந்த வழியாக மாறியது என்பதைப் பொறுத்ததில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை மட்டுமே பொறுத்தது என்பதுதான் அந்தப் பாடம். இதைப் படித்த நாளிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. கரியை முழுசாக எரித்தால் வரும் சூட்டை அளக்கலாமாம். பாதி எரிந்த நிலையில் அது ஒரு வாயுவாக இருக்கிறதாம். அந்த வாயுவை எரித்து வரும் சூட்டையும் அளக்கலாமாம். ஆனால் கரி அந்தப் பாதி வாயுவாகும்போது வரும் சூட்டை மட்டும் நேராக அளக்க முடியாது, ஏனென்றால் பாதியில் நில் என்றால் கரி நிற்காது. பரவாயில்லை, முழுசிலிருந்து பின்பாதியைக் கழித்தால் முன்பாதி வந்துவிடும் என்று சித்தப்பா சோற்றுத் தட்டின் முன்னால் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். ரசம் ஆறிப்போகும்.

"அண்ணே, மலை மேல ரயில்ல போனாலும் உயரம் அதேதான், நடந்து போனாலும் உயரம் அதேதான்" என்பார் அப்பாவிடம்.

"ரயில்ல போனா மூச்சு வாங்காது" என்பார் அப்பா.

அத்தையின் கைச்சூட்டை ஊரே தொட்டுக் கும்பிட்டபோது சித்தப்பா மட்டும் கும்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் அடங்கிய குரலில் சொன்னார். "நெருப்பில்லாம புகையாதுண்ணே. எரியறதுக்கு ஒண்ணு இல்லாம சூடும் வராது. அது யாரா இருந்தாலும் சரி."

"வாயைக் கழுவு" என்றார் அப்பா.

"சோறு அடுப்புல எரிஞ்சாலும் கடைசியில காத்தும் ஈரமும்தான். வயித்துல எரிஞ்சாலும் கடைசியில மூச்சுக் காத்தும் வேர்வையும்தான். தொடக்கமும் முடிவும் ஒண்ணு, அப்ப சூடும் ஒண்ணு. அக்காவைக் கொளுத்தியா அளக்க முடியும்? சோத்தையும் எண்ணெயையும் கொளுத்தி அளக்கலாம்ல. மீதியக் கழிச்சு எடுத்துக்கலாம்."

அக்காவைக் கொளுத்துவது என்ற சொல்லைக் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினாள். ஆனால் அப்பாவுக்குள் எங்கேயோ ஒரு முள் குத்தியிருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அளக்க வேண்டும் என்றால் அத்தையை நிறுக்க வேண்டும். அம்மனைத் தராசில் ஏற்ற யார் விடுவார்கள்? இங்கேதான் சித்தப்பாவின் மூளை வேலை செய்தது. பாசாரில் அரிசி மண்டி வைத்திருந்த சீனத் தவுக்கேயிடம் மூட்டை நிறுக்கும் பெரிய தராசை இரவல் வாங்கி வந்து கூடத்து உத்தரத்தில் தொங்கவிட்டார். வந்திருந்த பெண்களிடம், அம்மனுக்குத் துலாபாரம் என்று சொன்னார். அவ்வளவுதான். குலவை போட்டுக்கொண்டு அத்தையைக் கைத்தாங்கலாக ஒரு தட்டில் உட்கார வைத்தார்கள்; மறு தட்டில் தேங்காயும் பழமும் அரிசியும் குவித்தார்கள். தராசு சமமாக நின்றதும் பக்திப் பரவசத்தில் சிலர் அழுதார்கள். சித்தப்பா மறு தட்டில் இருந்ததை ராத்தல் கணக்கில் தனித்தனியாக நிறுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். தேங்காய்க் கணக்கு எழுதுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு இரண்டு மரத்தொட்டிகளில் ஒரே அளவு தண்ணீர் நிரப்பினார். ஒன்றில் அத்தையின் கால்களை அரை மணி நேரம் வைக்கச் சொன்னார்; மற்றதைச் சும்மா பக்கத்தில் வைத்தார். பள்ளியிலிருந்து கொண்டுவந்த, சூட்டைக் காட்டும் கண்ணாடிக் குழாயை இரண்டிலும் மாறி மாறி விட்டுப் பார்த்தார். அத்தையின் அக்குளிலும் வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அக்குளில் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. அத்தை எதற்கும் மறுக்கவில்லை. "அளந்துக்கோ தம்பி" என்றாள். தொட்டித் தண்ணீரைப் பெண்கள் தீர்த்தம் என்று சொம்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன் பிறகு சித்தப்பா சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக ஒரு முக்கோணம் போட்டார். ஒரு முனையில் சோறு, ஒரு முனையில் உடம்பு, ஒரு முனையில் மூச்சு என்று எழுதினார். முனைக்கு முனை அம்புக்குறி போட்டார். அவருக்கு அது பரீட்சைக்குப் படித்த பாடம். பார்த்த பெண்களுக்கு அது சக்கரம். அம்மனைக் கட்டி நிறுத்தச் சின்னவர் யந்திரம் எழுதுகிறார் என்று சந்து முழுக்கப் பரவியது. மறுநாள் காலையில் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நான்காக அறுத்துப் போட்டிருந்தார்கள். அம்மா அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். நான் அதை மிதித்தால் கால் வெந்துவிடும் என்று நம்பினேன். பின்னாளில் பள்ளியில் ரசாயன ஆசிரியை கரும்பலகையில் அதே முக்கோணத்தை வரைந்தபோது, வயிற்று வலி என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டேன்.

முக்கோணம் போட்ட அன்று அத்தை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, இந்தக் கோட்டுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

சித்தப்பா உற்சாகமாக உடம்பிலிருந்து மூச்சுக்குப் போகும் அம்பைக் காட்டினார். "சோறு வரலேன்னா அந்தக் கோட்டை அழிச்சிரலாம்க்கா. அப்ப மிச்சம் இந்தக் கோடு ஒண்ணுதான். எல்லாச் சூடும் இதுலேர்ந்துதான் வந்தாகணும்."

"ரொம்பக் குட்டையா இருக்கே" என்றாள் அத்தை.

சித்தப்பா சிரித்தார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

கணக்கு இதுதான். அவ்வளவு சூட்டை அத்தை தன் உடம்பை மட்டும் எரித்து உண்டாக்குகிறாள் என்றால், வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று ராத்தல் குறைய வேண்டும். அடுத்த ஞாயிறு மறுபடி துலாபாரம் நடந்தது. ஒன்றரை ராத்தல்தான் குறைந்திருந்தது. பெண்கள் போன பிறகு சித்தப்பா அப்பாவை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"பாதி இடிக்குதுண்ணே. அம்பு வெளியிலேர்ந்து வருது. யாரோ சோறு குடுக்கறாங்க."

அப்பாவின் முகம் இருண்டது. சந்தே வந்து கும்பிட்டுவிட்டுப் போகிற வீட்டில் இப்படி ஒரு மோசடி என்றால் அவர் துறைமுகத்தில் எப்படித் தலைகாட்டுவார்? "அடுத்த ஞாயிறும் இடிச்சா, அந்த வாரக் கப்பல்ல ஏத்திருவேன்" என்றார். "ஊரைக் கூட்டி ஏமாத்தற பொம்பளைக்கு இங்க எடமில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்பார்கள். சோற்றை எதில் மறைப்பது? நான் பானைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து யோசித்தேன். என் கஞ்சிதான் அத்தையைக் காட்டிக் கொடுக்கிறது. கஞ்சி நின்றால் கணக்கு சரியாக வரும். கணக்கு சரியாக வந்தால் கப்பல் கிடையாது. அந்தக் கரண்டிக்காரர்கள் வீடு கிடையாது. என் சடை என்றைக்கும் அவிழாது. இதைவிடத் தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வெறுங்கையோடு போய் அவள் முன்னால் நின்றேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். காரணத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அம்மா தூக்கத்தில் புரண்டாள். நான் உதட்டின் மேல் விரலை வைத்தேன். அத்தை மெதுவாகத் தலையாட்டினாள். என் திட்டம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. அவள் கேட்கவில்லை. அடுக்களை அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஆறு எட்டு. பானையில் சோறு இருந்தது, அம்மா தூங்கினாள், நான் காவல் இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை. கூரை தெறித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சடை பின்னிவிட்டாள். அவள் விரல்கள் என் பிடரியில் பட்டபோது சாதம் வடித்த பாத்திரத்தில் கை பட்டதுபோல் இருந்தது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு மெல்ல இருமினாள். இருமலை முந்தானையில் பொத்திக்கொண்டு, "நல்ல பொண்ணு" என்றாள். எனக்கு அன்று முழுவதும் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு அத்தையைத் தூக்கித் தட்டில் வைக்க ஒரே பெண் போதுமாயிருந்தது. மறு தட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தேங்காயை எடுத்துக்கொண்டே வந்தார்கள். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தராசு நின்றது. சித்தப்பா நிறுத்தார், எழுதினார், மறுபடி நிறுத்தார். மூன்று ராத்தல். கூடக் கொஞ்சம் இருந்ததே தவிர, குறைவு இல்லை.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெளியிலிருந்து எந்த அம்பும் இல்லை. அத்தை யாரையும் ஏமாற்றவில்லை என்பதை ரசாயனமே சொல்லிவிட்டது. சித்தப்பா தரையில் மண்டியிட்டு, குங்குமக் கறைகளுக்கு நடுவில் எண்களைப் போட்டார். ஒரு பக்கக் கூட்டலும் மறு பக்கக் கூட்டலும் ஒன்றாக வந்தன. ஓரமாக இன்னொரு சின்னக் கணக்கும் போட்டார்; அத்தையின் எடையை வாரத்துக்கு மூன்று ராத்தலால் வகுத்தார். என்ன வந்ததோ, உடனே உள்ளங்கையால் தேய்த்து அழித்தார்.

"சரியா வந்துச்சா தம்பி?" என்று தட்டில் உட்கார்ந்தபடியே அத்தை கேட்டாள்.

"வந்துச்சுக்கா" என்றார். எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், வெயிலில் இறங்கி ஓடினார். பெண்கள் அவர் மேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்று வழிவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரை ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் எங்கள் வீட்டாரைத் தவிர எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அத்தையின் முதுகில் காதுக் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். முந்தானையைக் கேட்டு வாங்கி விரித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எத்தினை நாளாக் காய்ச்சல் காயுது?" என்றார்.

காய்ச்சல் என்ற அந்தச் சாதாரணச் சொல் மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வரவில்லை. சித்தப்பா நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். டாக்டர் புரட்டினார். நாள் தவறாமல், முத்து முத்தான எழுத்தில், முப்பத்தெட்டரை, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பதே கால் என்று இருந்தது.

"இவ்வளவு ஒழுங்கா ஆர் எழுதினது?" என்றார் டாக்டர். பாராட்டாகத்தான் கேட்டார்.

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கணக்கில் நூறு, நூற்றிரண்டு என்று கேட்டுப் பழகிய அப்பா, முப்பத்தொன்பதைப் பார்த்துச் சில்லென்று இருப்பதாக நினைத்திருக்கிறார். சாமி என்றவர்களும் அந்தச் சூட்டைப் பார்த்தார்கள், கணக்கு என்றவரும் அந்தச் சூட்டைப் பார்த்தார். அவளைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. கணவரிடமிருந்து அவளுக்கு ஒட்டியது எலும்புருக்கி என்று டாக்டர் சொன்னார். ஒரு வருஷம் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும் என்பதை இப்போது நான் நினைத்துக்கொள்கிறேன். முன்பே கூப்பிட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, முடிக்காமல் பையை மூடினார்.

பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே கொடுத்தாள். அத்தை உதட்டை நனைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். சித்தப்பா தரையை மூன்று முறை கழுவினார். அப்பா ஊருக்குக் கடிதம் எழுதினார்: தங்கை இங்கேதான் இருப்பாள், இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று. எழுதியதை அத்தைக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். வீட்டில் எல்லாரும் ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. அத்தை எங்களிடமே இருக்கப் போகிறாள்.

என்னை அவள் பக்கத்தில் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் எல்லாரும் அசந்திருந்தபோது, பழையபடி கஞ்சி கலந்து எடுத்துக்கொண்டு தடுப்பின் அருகே போய் உட்கார்ந்தேன். பலகையில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது. அவள் அந்தப் பக்கம் பலகையை ஒட்டித்தான் படுத்திருந்தாள்.

"அத்தை, கஞ்சி கொண்டாந்திருக்கேன். இனிமே நீ ஒளிஞ்சு குடிக்க வேணாம். ஒன்னைக் கப்பல்ல அனுப்ப மாட்டாங்க."

மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பலகைக்குள்ளிருந்தே வருவதுபோல் அவள் குரல் வந்தது.

"எனக்கு அன்னைக்கே வேணாம்டி. நீ அழுதுக்கிட்டே வந்து நீட்டுனே. அதுக்குத்தான் குடிச்சேன்." இருமினாள். "அப்புறம் ஒரு நாள் நீ வெறுங்கையோட வந்தே. அழுகை தீந்துருச்சுன்னு நெனச்சேன்."

நான் கஞ்சியைத் தரையில் வைத்தேன்.

"இப்ப அழுகை வருதாடி?"

"இல்லத்தை" என்றேன். வளர்ந்துவிட்ட பெண்ணின் பெருமையோடு, பலகைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்து சொன்னேன். "நான் இப்பல்லாம் அழறதே இல்ல."

"அப்ப சரி" என்றாள் அத்தை.

மறுநாள் காலை நான் எழுந்து பலகையில் கை வைத்தபோது அது மற்றப் பலகைகளைப் போலவே இருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்ல அம்மாவிடம் ஓடினேன். அவள் என்னிடம் போக உத்தரவு கேட்டாள் என்பதும், நான் அதைக் கொடுத்துவிட்டேன் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.